மெற்றில்டாவின் அணில் பதிவேடு

வேறு யாராவது கண்டிருந்தால் அன்றைக்கே ஊரைக் கூட்டியிருப்பார்கள். கண்டது மெற்றில்டா. விழுந்து கிடந்த ஓக் மரத்தின் மேல், முதுகில் கோடு போட்ட சின்ன உயிரொன்று குடுகுடுவென்று ஓடியது. அவர் நிமிர்ந்து பார்த்தார். அணில் என்று நினைத்தார். மடியிலிருந்த பெட்டியைத் திறந்து புட்டையும் முதல்நாள் கறியையும் சாப்பிடத் தொடங்கினார். அவ்வளவுதான் நடந்தது.

அணிலென்றால் முதுகில் கோடு இருக்கத்தானே வேண்டும்! யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு இதில் என்ன புதினம்? கோடில்லாமல், பூனைக்குட்டி அளவில், சாம்பல் நிறத்தில் லண்டன் முழுக்கத் திரிகின்றனவே, அவைதான் அவருக்கு வந்த நாள் முதல் சந்தேகமாக இருந்தவை. ஆகவே, இங்கிலாந்தின் காட்டில் இருக்கவே கூடாத ஒரு பிராணியை, அணில்போலவே முதுகில் கோடுள்ள சிப்மங்கை, ஒன்றரை வருடமாகக் கிழமைக்கு ஐந்து நாள் பார்த்துக்கொண்டிருந்தும் மெற்றில்டா வெளியில் யாருக்கும் அதை ஒரு செய்தியாகச் சொல்லவில்லை. காகத்தைக் கண்டேன் என்று யாராவது போன் எடுத்துச் சொல்வார்களா?

மெற்றில்டாவுக்கு ஐம்பத்தேழு வயது. லண்டனின் செவன் கிங்ஸில் வீடு. கணவர் கிறிஸ்துராஜா பஸ் டிப்போவில் வேலைசெய்து முழங்கால் தேய்ந்து ஓய்வெடுத்தவர். இப்போது சோபாவில் இருந்தபடி யூடியூப் பார்த்து உலகத்தை நடத்திக்கொண்டிருக்கிறார். மெற்றில்டாவுக்குக் கேரர் வேலை. வயதானவர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களை எழுப்பி, கழுவி, உடுப்பு மாற்றி, மருந்து கொடுத்து, சாப்பாடு ஊட்டிவிட்டு வருவது. பத்தொன்பது வருடமாக இதே வேலை. சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலையில் அவரை அடிக்க ஆளில்லை.

அவர் பார்க்கும் ஆட்களில் ஒருவர் டொறீன், எண்பத்துநாலு வயது வெள்ளைக்கார அம்மா, படுக்கையோடு இருப்பவர். ஒருநாள் டொறீன் தேநீர்க் கோப்பையை வழக்கம்போல வலக்கையால் தூக்காமல் இடக்கையால் தூக்கினார். மெற்றில்டா உடனே அம்புலன்ஸுக்கு அடித்தார். வந்தவர்கள் எல்லாம் சோதித்துவிட்டு ஒன்றும் தெரியவில்லையே என்றார்கள். தெரியாவிட்டாலும் கொண்டுபோங்கள் என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றார் மெற்றில்டா. மூளையில் இரத்தம் கட்டத் தொடங்கியிருந்தது. கொஞ்சம் பிந்தியிருந்தால் டொறீனின் வாயும் கையும் போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இப்படி ஒரு கண் எத்தனை பேருக்கு வாய்க்கும், சொல்லுங்கள்!

காலை வீடுகள் முடிய பத்தரை ஆகும். டொறீனுக்குப் பன்னிரண்டரைக்குத்தான் போகவேண்டும். நடுவில் இரண்டு மணித்தியாலம். அதற்குக் கம்பனி சம்பளம் தராது, வீட்டுக்குப் போய்வரவும் காணாது. மற்றக் கேரர்கள் காருக்குள் இருந்து போனை நோண்டுவார்கள். மெற்றில்டாவிடம் கார் இல்லை. டொறீனின் தெருமுனையில் காடு தொடங்கியது. பழைய ஓக் மரங்கள், பீச் மரங்கள், நடுவில் ஒரு ஒற்றையடிப் பாதை. பாதையை விட்டு நூறு அடி உள்ளே போனால் விழுந்த மரமொன்று, குந்தியிருக்க அளவான உயரத்தில். மழையென்றால் குடை, குளிரென்றால் இரண்டு சுவெட்டர். அதுதான் அவருடைய சாப்பாட்டு அறை.

அந்த அணில் அவர் இருந்த மரத்தின் மற்ற முனையில் குடியிருந்தது. மரத்தில் அல்ல, மரத்தின் வேருக்குக் கீழே நிலத்துக்குள். இது மெற்றில்டாவுக்குக் கொஞ்சம் இடித்ததுதான். அணில் ஏன் பொந்து தோண்டுகிறது? ஒருநாள் யோசித்து, இந்த ஊர்க் குளிருக்கு மரத்தில் இருக்க ஏலாதுதானே, பாவம், என்று அதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடித்துவிட்டார்.

பிறகு எழுதத் தொடங்கினார். ஏன் என்று கேட்டால் அவருக்கே சரியாகத் தெரியாது. கேரர் வேலைக்குச் சேர்ந்த முதல்நாளே தலையில் அடித்ததுபோலச் சொல்லிக்கொடுப்பார்கள்: எழுதாத வேலை நடக்காத வேலை. யார் வீட்டுக்குப் போனாலும் எத்தனை மணிக்குப் போனாய், என்ன சாப்பிட்டார், எவ்வளவு குடித்தார், தோலில் காயம் உண்டா, மனநிலை எப்படி, எல்லாம் எழுதிக் கையொப்பம் வைக்கவேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் கம்பனி எல்லாவற்றையும் போனுக்கு மாற்றிவிட்டு, அச்சடித்த பதிவேடுகளைக் குப்பையில் போடச் சொன்னது. நல்ல கடதாசி, ஒரு பக்கமும் எழுதப்படாத புத்தகங்கள். மெற்றில்டா போடுவாரா? ஐந்தாறை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அதில் ஒன்று அணிலுக்குப் போயிற்று; அது நிரம்பியதும் இன்னும் இரண்டு.

அதிலே இப்படி இருக்கும்:

நேரம்: 10:52. முதலில் மூக்கு மட்டும். நாலு நிமிடம் அப்படியே நின்று மணம் பார்த்தது. பிறகு முழுவதும் வெளியே.

உணவு: ஓக் காய் 3. இடது கன்னம் 1, வலது கன்னம் 1, வாயில் 1. சாப்பிடவில்லை, உள்ளே கொண்டுபோனது.

கழிவு: பார்க்கவில்லை.

தோல்: வலது காது நுனி இல்லை. பழைய காயம். வால் நுனியில் மயிர் கொட்டியிருக்கிறது.

மனநிலை: நல்லம். ஒருதரம் கோபம். சாம்பல் அணில் கிட்ட வந்தது, ஏசிக் கலைத்தது.

கீழே கையொப்பம். அணிலுக்கு!

சிரிக்காதீர்கள். அந்தப் புத்தகங்களைக் கையில் எடுத்துப் படித்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. எவ்வளவு பார்த்திருக்கிறார் அந்த மனுஷி! ஓக் காயைக் கன்னத்துக்குள் தள்ளுமுன் அதன் கூர்முனையைக் கடித்துத் துப்பிவிடும், கன்னத்தைக் குத்தாமல் இருக்க. பொந்தின் வாசலில் ஒரு பிடி மண்கூடக் கிடக்காது. தோண்டிய மண்ணை வேறொரு வாசலால் தள்ளி, அந்த வாசலை அடைத்து, மேலே இலையும் பரப்பிவிடும். அதைக் கண்டுபிடிக்க மெற்றில்டாவுக்குப் பதினொரு நாள் எடுத்தது. கண்டுபிடித்த அன்று மனநிலைப் பகுதியில் அணிலின் மனநிலையை எழுதாமல், “கெட்டிக்காரி” என்று மட்டும் எழுதினார். மற்றப் பகுதிகளையெல்லாம் நிரப்பிவிட்டுத்தான் அதையும் எழுதினார் என்பதைச் சொல்லவேண்டும்.

முதல் வருடம் ஒக்டோபர் பத்தொன்பதாம் திகதி அது வாய் நிறையக் காய்ந்த இலையை அள்ளிக்கொண்டு உள்ளே போனது. சற்று நேரத்தில் வாசல் உள்ளிருந்து மண்ணால் அடைபட்டது. ‘கதவு பூட்டியாச்சு’ என்று எழுதினார். பிறகு வெளியே வரவில்லை. நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? புத்தகத்தை மூடியிருப்போம். மெற்றில்டா பனியிலும் போனார். ஒவ்வொரு வேலைநாளும் போய், பத்து நிமிடம் நின்று, ‘வரவில்லை’ என்று எழுதிக் கையொப்பம் வைத்தார். இருபத்திரண்டு கிழமை. வரவில்லை, வரவில்லை, வரவில்லை. மார்ச் இருபத்துநாலாம் திகதி அடைத்த மண் உடைந்து மூக்கு தெரிந்தபோது அவர் அழுதுவிட்டார். “மெலிந்துவிட்டது. ஆனால் நல்லம்” என்பது அன்றைய பதிவு.

கிறிஸ்துராஜாவுக்கு இதொன்றும் பிடிக்கவில்லை.

“காட்டுக்குள்ளை தனிய இருந்து என்னப்பா செய்யிறாய்?” என்பார்.

“வேலை” என்பார் மெற்றில்டா.

“ஆர் சம்பளம் தருகினம்?”

“உங்களுக்கு அந்த யூடியூப்காரர் தருகினமோ?”

அதோடு கதை முடியும்.

பிழை நடந்தது டொறீன் வீட்டில். டொறீன் சாப்பிட மறுப்பார். வாயை இறுக்கிக்கொண்டால் தலைகீழாக நின்றாலும் ஒரு கரண்டி இறங்காது. மெற்றில்டா அணில் கதை சொல்லத் தொடங்குவார். இன்றைக்கு அது என்ன செய்தது, யாரோடு சண்டை பிடித்தது. கதை கேட்கிற ஆவலில் டொறீனின் வாய் தானாகத் திறக்கும். இந்தச் செப்டெம்பர் கடைசியில் ஒருநாள் கதையோடு போனில் எடுத்த படத்தையும் காட்டினார். டொறீன் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“டார்லிங், இது அணில் இல்லை” என்றார். “இது சிப்மங்.”

டொறீன் படுக்கையில் கிடந்தாலும் அவருடைய ஐபாட் படுப்பதில்லை. கெட்ட எண்ணம் துளியும் இல்லை அந்த மனுஷிக்கு. தன்னுடைய மெற்றில்டா எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பைச் செய்திருக்கிறார் என்ற பெருமையில், அந்தப் பகுதி ஆட்களின் பேஸ்புக் குழுவில் படத்தைப் போட்டுவிட்டார். இரண்டு நாளில் காட்டில் திருவிழா. கமெரா, தொலைநோக்கி, நாய், தள்ளுவண்டிப் பிள்ளை. குளத்தடியில் கண்டோம், கார்த் தரிப்பிடத்தில் கண்டோம், கிரிக்கெட் மைதானத்தில் இரண்டைக் கண்டோம் என்று பதினொரு பேர் எழுதினார்கள். நல்லவேளை, விழுந்த மரத்தடி ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த கிழமை பச்சை ஜக்கெட் போட்ட ஒரு இளைஞன் காட்டைத் துருவிக்கொண்டு அந்த மரத்தடிக்கு வந்தான். மெற்றில்டாவின் கழுத்துச் சிலுவையையும் மடியிலிருந்த புட்டையும் பார்த்து ஒரு கணம் நின்றான்.

“அன்ரி, நீங்க தமிழோ?”

“ஓம் தம்பி. நீர்?”

“ரதீசன். அம்மா அப்பா மானிப்பாய். நான் இங்க பிறந்தனான், டூட்டிங்ல.” காட்டைப் பராமரிக்கும் அலுவலகத்தில் விலங்குகளைப் பற்றிய வேலை என்றான். சிப்மங் பார்க்க வந்தேன் என்றான்.

“ஏன் பாக்கோணும்?”

அவன் மரத்தில் பக்கத்தில் குந்தினான். சுற்றி வளைக்காமல் சொன்னான். இது இந்த நாட்டுப் பிராணி இல்லை. யாரோ முந்தி வீட்டில் வளர்த்தது தப்பியிருக்கும். காட்டில் பெருகினால் விதையையும் குருவி முட்டையையும் தின்று நாசம் பண்ணும் என்று வளர்க்க, விற்க, வெளியில் விடக் கூடாதவற்றின் பட்டியலில் சட்டம் இதைப் போட்டிருக்கிறது. “பதினொரு இடத்தில கண்டிருக்கினம் அன்ரி. அப்பிடியெண்டா குடும்பமா இருக்கு. குடும்பமெண்டா எல்லாத்தையும்...”

“கொல்லுவியளோ?”

“ஓம்” என்றான். “ஒண்டே ஒண்டு எண்டா உயிரோட பிடிச்சு லைசென்ஸ் உள்ள ஒரு இடத்துக்கு அனுப்பலாம். ஆனா ஒண்டுதான் எண்டு ஆர் சொல்லுறது? மாசக் கடைசியில நிலத்துக்குள்ள போயிடும். அதுக்கு முன்னம் முடிவெடுக்கோணும் எண்டு மேலிடம் நிக்குது.”

“ஒண்டுதான்.”

“எப்பிடித் தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

“எப்ப இருந்து பாக்கிறீங்க?”

“போன வருசம் ஏப்ரல்.”

ரதீசன் எழுந்தே விட்டான். “ஒன்றரை வருசமோ! ஏன் அன்ரி ஒருத்தருக்கும் சொல்லேல்ல?”

“என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? காட்டுக்குள்ளை அணில் நிக்குதெண்டு ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?”

அவனுக்கு ஒருமுறை யாழ்ப்பாணம் போய் மதிலில் ஓடிய அணிலைப் பார்த்த ஞாபகம் வந்திருக்கவேண்டும். தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தான். மெற்றில்டா சிரிக்கவில்லை. கைப்பைக்குள் இருந்த மூன்று பதிவேடுகளும் நெருப்புத் துண்டுபோலக் கிடந்தன. அவற்றைக் கொடுத்தால் ஒன்றுதான் என்று காட்டலாம். ஆனால் அதே புத்தகங்களில் பொந்து எங்கே, இரண்டாம் வாசல் எங்கே, எத்தனை மணிக்கு மூக்கு வெளியில் வரும் என்பதெல்லாம் கிடந்தது. மேலிடம் நம்பாவிட்டால் ஒரே காலையில் அலுவல் முடிந்துவிடும், அவருடைய கையெழுத்தைப் பிடித்துக்கொண்டே.

“நான் ஒண்டு தந்தால், அதைக் கொல்லமாட்டியள் எண்டு சத்தியம் பண்ணுவீரோ?”

“பண்ண ஏலாது அன்ரி. எனக்கு மேல ஆக்கள் இருக்கினம். நான் சண்டை பிடிப்பன். அவ்வளவுதான் சொல்ல ஏலும்.”

பத்தொன்பது வருடத்தில் மெற்றில்டா எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறார். அம்மாவை ஒருநாளும் முதியோர் ஹோமில் விடமாட்டேன் என்று வாசலில் நின்று சத்தியம் பண்ணுவார்கள். அடுத்த மாதம் அம்மா ஹோமில் இருப்பார். தெரியாது, ஏலாது, பார்ப்போம் என்று சொல்லுகிறவர்கள்தான் கடைசிவரை வருவார்கள். அவர் கைப்பையைத் திறந்து மூன்று புத்தகங்களையும் எடுத்துக் கொடுத்தார்.

எல்லாம் தமிழில் இருந்தது. ரதீசன் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நிறுத்தியவன். எழுத்துக்கூட்டி, விரலை வைத்து, மெதுவாக வாசித்தான். பத்துப் பக்கத்துக்குப் பிறகு போனை எடுத்து அந்தப் பதினொரு பேரின் தகவல்களோடு ஒப்பிட்டான். செவ்வாய்க்கிழமை பதினொன்றே காலுக்கு, படத்தில் உள்ள அதே காது நுனி இல்லாததைக் குளத்தடியில் கண்டேன் என்கிறார் ஒருவர். புத்தகத்தில் செவ்வாய் 11:14: ‘என் முன்னால் இருந்து முகம் கழுவுகிறது.’ வியாழன் மைதானத்தில் இரண்டு. வியாழன் மழை, மூக்குக்கூட வெளியில் வரவில்லை. அந்த மைதானத்து இரண்டும் சாம்பல் அணிலின் குட்டிகளாகத்தான் இருக்கும். ஒன்பது பேரின் தகவல்கள் அந்த இடத்திலேயே விழுந்தன.

“இன்னும் இரண்டு மிச்சம் இருக்கு அன்ரி. பின்னேர நேரத்தில. அந்த நேரம் நீங்க இல்லை.”

“பின்னேரம் டொறீனுக்குப் பிறகு எனக்கு இன்னும் மூண்டு வீடு இருக்கு, தம்பி.”

அவன் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனான். இந்த வருடத்து ஏப்ரலில் விரல் நின்றது.

“‘ஏப்ரல் 22,’” என்று எழுத்துக்கூட்டினான். “‘கட்டையில் ஏறி நின்று கத்துது. ஏசுகிற சத்தம் இல்லை. ஒரே மாதிரி, விடாமல். 10:50 முதல் 12:05 வரை. சாப்பிடவில்லை. நான் போகும்போதும் கத்துது. மனநிலை: யாரையோ கூப்பிடுது. ஒருத்தரும் வரவில்லை.’”

அடுத்த பக்கம். ஏப்ரல் 23, சத்தமில்லை, சாப்பிட்டது. மே 6, மறுபடி கட்டையில். ‘அதே கூப்பாடு. ஒருத்தரும் வரவில்லை.’ மே 20. ‘ஒருத்தரும் வரவில்லை.’ போன வருடத்துப் புத்தகத்திலும் அதே மாதங்கள், அதே இரண்டு கிழமை இடைவெளி, அதே வசனம்.

ரதீசன் விரலை அந்த வசனத்திலிருந்து எடுக்காமலே சொன்னான். “இது பொம்பிளைச் சிப்மங் சோடி தேடுற சத்தம் அன்ரி. இரண்டு கிழமைக்கு ஒருக்கா ஒரு நாள் மட்டும் கூப்பிடும். இந்தக் காட்டில ஒரு ஆண் இருந்திருந்தாலும் அரை மணித்தியாலத்தில வந்திருக்கும். ஆண் இல்லையெண்டா குடும்பமும் இல்லை.” அவன் புத்தகத்தை மூடவில்லை. “இரண்டு வருசம் கூப்பிட்டிருக்கு. நீங்க மட்டும்தான் கேட்டிருக்கிறீங்க.”

“எனக்கென்ன தெரியும்” என்றார் மெற்றில்டா. “கேட்டதை எழுதினன்.”

அன்றிரவே ரதீசன் அந்தப் பக்கங்களையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினான். நாலு நாள் பதில் இல்லை. மெற்றில்டாவுக்கு அந்த நாலு நாளும் சோறு இறங்கவில்லை. டொறீன்கூட அவரைப் பார்த்து, நீ சாப்பிட்டாயா என்று கேட்கத் தொடங்கினார். ஐந்தாம் நாள் மேலதிகாரி அம்மா தானே காட்டுக்கு வந்து விழுந்த மரத்தைப் பார்த்தார். மூன்று புத்தகங்களையும் கையில் வாங்கி, வாசிக்கத் தெரியாத எழுத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ‘வரவில்லை’ என்ற சொல் கீழே கீழே வரிசையாக வரும் அந்தக் குளிர்காலப் பக்கங்களைக் காட்டி இது என்ன என்று கேட்டார். ரதீசன் சொன்னான். அந்த அம்மா மெற்றில்டாவைப் பார்த்து, தன்னிடம் வேலைசெய்கிற படித்தவர்கள் ஒருவரும் இப்படி ஒரு பதிவு வைத்ததில்லை என்றார். உயிரோடு பிடிக்கலாம், ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் என்றார். அதற்குப் பிறகு தன்னால் ஒன்றும் செய்யமுடியாதாம்.

புதனும் வியாழனும் ரதீசன் கம்பிக்கூட்டை வைத்துவிட்டு ஒளிந்திருந்தான். கூட்டுக்குள் வேர்க்கடலை, சூரியகாந்தி விதை, அப்பிள் துண்டு. மூக்கு வந்தது, மணம் பார்த்தது, உள்ளே போய்விட்டது. வியாழன் மத்தியானம் அது காய்ந்த இலையை அள்ளத் தொடங்கிவிட்டது. அது இலை அள்ளினால் என்ன பொருள் என்று மெற்றில்டாவுக்குத் தெரியாதா! நாளைக்கே கதவைப் பூட்டிவிடும். பூட்டிவிட்டால் மேலிடம் தோண்டும். தோண்டினால் உயிரோடு வராது.

“தம்பி, நீர் தள்ளிப் போம்” என்றார். “கூட்டை என்ர காலடியில வையும். நான் என்ர பாட்டுக்கு இருக்கிறன்.”

வெள்ளிக்கிழமை அவர் வழக்கமான நேரத்துக்கு வந்து, வழக்கமான இடத்தில் குந்தி, வழக்கம்போலப் பெட்டியைத் திறந்து புட்டைச் சாப்பிட்டார். சாப்பிட்டார் என்று சொல்லக்கூடாது, வாயில் வைத்து மென்றார். 10:55க்கு மூக்கு. நாலு நிமிடம். பிறகு முழுவதும். கட்டை நீளத்துக்கும் ஓடிவந்து அவருடைய சப்பாத்தை முகர்ந்தது. ஒன்றரை வருடமாக அந்த மணம் அதற்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. அது கூட்டுக்குள் நுழைந்தது. கதவு விழுந்தது.

அது உள்ளே சுழன்று சுழன்று கம்பியில் மோதியது. “என்னை மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை” என்று கூட்டின் மேல் மெற்றில்டா தன் சுவெட்டரைக் கழற்றிப் போர்த்தார். இருட்டானதும் அது அடங்கியது. அன்றைக்கும் எழுதினார்: ‘11:03. பிடிபட்டது. காயம் இல்லை. மனநிலை: பயம். என்னால்.’

ரதீசன் கூட்டை வான் வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தான். பொந்துக்குள் வேறு ஏதும் இல்லை என்று பார்த்து எழுதவேண்டுமாம். குப்புறப் படுத்து, கையால் மெல்ல மெல்ல மண்ணை விலக்கினான். வேருக்குக் கீழே ஒரு முழம் போய் வளைந்து ஒரு அறை. பஞ்சுபோலக் கிழித்த இலைகளில் ஒரு படுக்கை. நடுவில் ஒரு பிடி அளவில் ஒரே ஒரு குழி.

“ஒரு ஆள் படுக்கிற இடம்தான் அன்ரி” என்றான்.

படுக்கையைத் தூக்கினால் அதற்குக் கீழே களஞ்சியம். ஓக் காய், பீச் கொட்டை, என்னென்னவோ விதைகள், கூர்முனை கடித்து, ஒன்றின் மேல் ஒன்றாக, இடைவெளியில்லாமல் அடுக்கி. ரதீசன் படம் எடுத்தான். பிறகு மண்ணை உள்ளே தள்ளத் தொடங்கினான்.

“என்ன செய்யிறீர்?”

“மூடுறன் அன்ரி. நாய் ஏதும் கால் விட்டா முறிஞ்சிடும்.”

“உதுகளை எடும்.”

“எதை?”

“அவள் சேர்த்து வைச்சதை. முழுக்க எடும். அவளோடை அனுப்போணும்.”

“அங்க நல்ல சாப்பாடு, வைக்கோல், சூடு எல்லாம் குடுப்பினம் அன்ரி. இது தேவைப்படாது.”

“குடுப்பினம். எனக்குத் தெரியும் குடுப்பினம்.” மெற்றில்டாவின் குரல் உயர்ந்துவிட்டது. “தொண்ணூற்றைஞ்சாம் ஆண்டு, இதே ஒக்டோபர். குருநகரிலை மாரிக்கெண்டு இரண்டு மூட்டை அரிசி, ஒரு பெட்டி கருவாடு, விறகு எல்லாம் நானே உழைச்சு அடுக்கி வைச்சிருந்தனான். ஆமி வருது, உடனை வெளிக்கிடுங்கோ எண்டு சொல்லிச்சினம். கையை வீசிக்கொண்டு வெளிக்கிட்டம். போன இடத்திலை சனம் சாப்பாடு தந்தது. நல்லாத்தான் தந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் ஒவ்வொரு வாயும் என்ரை அரிசியை நினைச்சுத்தான் திண்டனான். முப்பது வருசமாச்சு தம்பி. எனக்கு அது இன்னும் ஆறேல்லை.”

ரதீசன் ஜக்கெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு மறுபடி குப்புறப் படுத்தான். தோள்மூட்டு வரை கையை நிலத்துக்குள் விட்டு, பிடி பிடியாக அள்ளி மேலே நீட்டினான். மெற்றில்டா சாப்பாடு கொண்டுவந்த பையை விரித்துப் பிடித்தார். பை நிறைந்து, அவருடைய தொப்பியும் நிறைந்தது.

“முடிஞ்சுது அன்ரி.”

“மூலையளுக்கை தடவிப் பாரும்.”

அவன் கன்னத்தை மண்ணில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் உள்ளே தடவினான். இன்னும் மூன்று கிடந்தன. எடுத்துக் கொடுத்தான்.